சவரக்கத்திக்கு எந்தக் கல்?

பரணில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் துணியில் சுற்றிய ஒரு சவரக்கத்தி. தாத்தா வைத்திருந்தது. ஷெபீல்டு என்றோ சோலிங்கன் என்றோ அதில் பொறித்திருக்கும். ஷெபீல்டு இங்கிலாந்தில் இருக்கிறது. சோலிங்கன் ஜெர்மனியில் இருக்கிறது. இரண்டுமே கத்திக்குப் பேர்போன ஊர்கள்.

பேரனுக்கு ஓர் ஆசை. இந்தக் கத்தியிலேயே முகம் மழிக்கலாமே! பிளேடு வாங்கும் காசு மிச்சம். ஆனால் கத்தி மழுங்கிக் கிடக்கிறது. தெருவில் சாணை பிடிப்பவர் வருகிறார். கத்தியைக் கொடுக்கிறான். சக்கரம் சுற்றுகிறது. தீப்பொறி பறக்கிறது. கத்தி பளபளவென்று திரும்பி வருகிறது. மறுநாள் கன்னத்தில் வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கிறது. தோலையும் கிழிக்கிறது.

சாணைக்காரர் மேல் தப்பில்லை. அவருடைய சக்கரம் அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் ஏற்றது. சவரக்கத்தியின் வாய் மிக மெல்லியது. வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் பட்டால் நொடியில் சூடேறிவிடும். சூட்டில் இரும்பு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த இடம் முழுதும் தேய்ந்து தீரும்வரை அங்கே கூர் நிற்காது. பழைய நல்ல கத்திகள் பல இப்படித்தான் வீணாகின்றன.

சவரக்கத்தியைக் கல்லில், கையால்தான் தீட்ட வேண்டும். எந்தக் கல்லில்?

இரும்புக்கடையில் இரண்டு பக்கக் கல் விற்பார்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு. மறுபக்கம் கொஞ்சம் நைசு. அந்த நைசுப் பக்கமும் சவரக்கத்திக்கு ஆகாது. அது கத்தியின் வாயை ரம்பம் போல ஆக்கிவிடும். கண்ணுக்கு அது தெரியாது. கன்னத்துக்குத் தெரியும்.

தீட்டும் கல்லில் கடினமான பொடிமணிகள் இருக்கின்றன. அவைதான் இரும்பைத் தேய்க்கின்றன. மணி எவ்வளவு பொடியானது என்பதைக் கல்லின் எண் காட்டும். எண் கூடக்கூட மணி சிறுக்கும். ஜப்பான் நாட்டுக் கணக்கில் 1000 எண் கல்லின் மணி சுமார் 12 முதல் 15 மைக்ரான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். 8000 எண் கல்லில் மணி 2 மைக்ரானுக்கும் குறைவு. எல்லா நாட்டிலும் எண் கணக்கு ஒன்றல்ல. ஆகவே இது எந்த நாட்டு எண் என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பொடிக்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. குருந்தம் என்னும் கடினமான கல் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கிறது. அதன் பொடியை அரக்கில் குழைத்துத்தான் நம் நாட்டில் அந்தக் காலத்தில் சாணைச் சக்கரம் செய்தார்கள். குருந்தம் என்ற சொல்லே ஆங்கிலத்தில் கோரண்டம் ஆனது. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் செயற்கையாக ஒரு கடினப் பொருளைச் செய்தார். அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரின் வாலில் இருப்பதும் நம் குருந்தம்தான்.

சரி, வாங்க வேண்டியது எத்தனை கல்? வாய் நெளிந்தோ பொக்கை விழுந்தோ இருந்தால் முதலில் 1000 எண் கல் வேண்டும். பிறகு 4000. கடைசியில் 8000. வெறும் மழுங்கல் என்றால் 1000 தேவையில்லை. ஒரே ஒரு கல்லுக்குத்தான் காசு இருக்கிறதா? 8000 எண் கல்லையே வாங்கலாம். 1000 எண் கல்லின் வேலை ஒருமுறை செய்தால் நெடுநாளைக்குப் போதும். அதைக் கத்தி தீட்டிப் பழகிய முடிதிருத்தும் தொழிலாளியிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

இயற்கைக் கற்களும் உண்டு. பெல்ஜியம் நாட்டு மஞ்சள் கல் சவரக்கத்திக்குப் பெயர் பெற்றது. ஆனால் விலை அதிகம். அதில் எண் இருக்காது. ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது. புதிதாகப் பழகுகிறவருக்கு அது வேண்டாம்.

கல் 20 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் இருந்தால் வசதி. அதைவிட முக்கியம், கல் சமமாக இருப்பது. நடுவில் குழிந்த கல் கத்தியின் வாயைக் கோணலாக்கும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போடுங்கள். கண்ணாடிப் பலகை மேல் தண்ணீரில் நனையும் வகை உப்புத்தாளை விரித்து, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. புதுக் கல்லுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

தண்ணீர்க் கல்லுக்குத் தண்ணீர். எண்ணெய்க் கல்லுக்குத் தையல் எந்திர எண்ணெய். சமையல் எண்ணெய் பிசுக்காகிக் கல்லை அடைத்துவிடும்.

கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகைத் தூக்கக் கூடாது. வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். அழுத்தம் வேண்டாம், கத்தியின் கனமே போதும். பிறகு தோல் வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே போக வேண்டும். வாய் முன்னே போனால் வார் அறுந்துபோகும்.

கூர் பார்க்கக் கட்டை விரலை வைக்காதீர்கள். வெளிச்சத்தில் வாயை நேராகப் பாருங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே இன்னும் மழுங்கல் இருக்கிறது. முன்கை முடியைத் தொட்டால் இழுக்காமல் அறுபட வேண்டும்.

எவ்வளவு நன்றாகத் தீட்டினாலும் ஒரு கத்தி ஒருவருக்குத்தான். அப்பாவும் மகனும்கூட மாற்றிக்கொள்ளக் கூடாது. ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க் கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும். கல்லில் தீட்டினால் கிருமி சாகாது.

மழித்தபின் கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எந்திர எண்ணெய் தடவி வைக்கலாம். அடுத்த முறை தோல் வாரில் இழுத்தால் போதும். வாரில் இழுத்தும் கூர் வராத நாளில் 8000 எண் கல்லில் பத்துத் தடவை தள்ளலாம்.