ஆய்வுகூடத்திலிருந்து தோட்டத்துக்கு எவ்வளவு தூரம்?

கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியில் ஏறினால் முதலில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் வரும். இன்னும் மேலே, 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. மலையின் மறுபக்க அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். மகாவலிக்கு அக்கரையில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள். ஒரு மலையைச் சுற்றி இவ்வளவு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடிப்பதில் எவ்வளவு அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் போய்ச் சேருகிறது?

அந்த இடைவெளியை அடைக்கத்தான் அரச பல்கலைக்கழகங்களில் வணிக இணைப்புப் பிரிவுகள் இருக்கின்றன. பேராதனையிலும் ஒன்று இயங்குகிறது. இவற்றை வளர்ப்பதற்கான பணத்தில் ஒரு பங்கு, உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனுதவியுடன் 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டத்திலிருந்து வந்தது.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரம் அளவுக்கு மீறி விறகு தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி இணைப்புப் பிரிவுக்கு வருகிறார். பிரிவு பொறியியல் பீடத்தில் பொருத்தமான விரிவுரையாளரைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு ஒப்பந்தம்: செலவு யாருடையது, கண்டுபிடிப்பின் ஆக்கவுரிமை யாருக்கு, ஆய்வில் ஈடுபடும் மாணவர் அதைத் தன் பட்டத்துக்கான ஆய்வேடாக வெளியிடலாமா? கடைசிக் கேள்விதான் சிக்கலானது. தொழிற்சாலைக்கு இரகசியம் வேண்டும், மாணவருக்குப் பட்டம் வேண்டும். இதை முதலிலேயே எழுதி முடித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. ஆக்கவுரிமை கிடைத்து அதற்கு உரிமக் கட்டணமும் வந்தால், கண்டுபிடித்தவரும் பல்கலைக்கழகமும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

இது புதிய ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் ஆய்வும் தொழிலும் கைகோத்த கதை மலையகத்தில் நூறு வருடப் பழசு.

அதற்கும் முன்னால் ஒரு பேரழிவு நடந்தது. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. நோயுற்ற இலைகளைப் பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பங்கசு நோய் என்று அங்கே பெயரும் வைத்தார்கள். ஆனால் அதை முழுநேரமாக ஆராய மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானி வந்து சேர்ந்தது 1880இல். பதினொரு வருடம்! நோயின் வித்திகள் காற்றில் பரவுவதை அவர் காட்டினார், ஆனால் கோப்பியைக் காப்பாற்றக் காலம் கடந்துவிட்டது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலைதான் அந்த இடத்தைப் பிடித்தது.

தேயிலைக்கு அதே கதி வரக்கூடாது என்று அக்கறைப்பட்டவர்களுக்கு 1925இன் தேயிலை ஆராய்ச்சிச் சட்டம் வழி வகுத்தது. ஏற்றுமதித் தேயிலையின் மீது செஸ் வரி. அந்தப் பணத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவகம். அது தலவாக்கலையில் சென் கூம்ஸ் என்ற நிஜமான தோட்டத்துக்குள்ளேயே குடியேறியது. பிறகு ஹந்தானையிலும் ஒரு நிலையம் வந்தது.

பலன் என்ன? இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழு தோட்டங்களை வாட்டியபோது, 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவைத் தின்று தீர்க்கும். மருந்தடிக்காமலே புழு அடங்கியது. 1946இல் கொப்புள நோய் வந்தது. இம்முறை நிறுவகம் பக்கத்திலேயே இருந்தது. செம்பு மருந்தைத் தெளித்துக் கட்டுப்படுத்தினார்கள். எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று கணக்கிட்டு, எப்போது தெளிக்கலாம் என்று சொல்லும் முறையையும் பின்னாளில் வகுத்தார்கள். இன்று தோட்டத்தில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் ‘வீ.பி. தேயிலை’யும் இந்த ஆய்வின் பிள்ளைதான். ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை நாற்றுமேடையில் வேரூன்றவைத்து, தேர்ந்த செடியைப் பெருக்குவதே அந்த முறை. விதைத் தேயிலை மலையிலும் வீ.பி. மலையிலும் கொழுந்து பறித்தவரிடம் கேளுங்கள், வித்தியாசத்தைக் கிலோக் கணக்கில் சொல்வார்.

இதை வெற்றியாக்கியவை இரண்டு: பணம் வருடா வருடம் வந்தது, ஆய்வாளர் தோட்டத்துக்குள்ளேயே இருந்தார்.

இன்று அப்படி நடப்பதற்கும் ஹந்தானையிலேயே உதாரணம் உண்டு. அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் காமினி செனவிரத்னவின் குழு, நுண்ணுயிர்கள் படலமாகச் சேர்ந்து வாழும் இயல்பைப் பயன்படுத்தி ஓர் உயிர் உரத்தை உருவாக்கியது. நெல்லிலும் தேயிலையிலும் வயலிலேயே சோதித்தார்கள். இரசாயன உரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது குழுவின் முடிவு. ஒரு தனியார் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு மாறாக, 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, அதே வருடமே தடையை விலக்கவேண்டி வந்தது. வருடக்கணக்கில் வயலில் சோதித்துப் படிப்படியாகச் செய்யவேண்டிய மாற்றத்தை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் செய்துவிட முடியாது.

வெளிநாடுகளும் இந்த வழியில்தான் போயின. கனடா 1989இல் பல்கலைக்கழகங்களையும் தொழில்துறையையும் பிணைக்கும் உயராய்வு வலையமைப்புகளைத் தொடங்கியது. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிலையங்களுக்குச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அரசு நிலையாகக் கொடுக்கிறது, மீதியை ஒப்பந்த ஆய்வுகளில் தேடிக்கொள்கிறார்கள். இலங்கையோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. இந்த நிலையில் கடன்திட்டப் பணத்தை நம்பி இணைப்புப் பிரிவு நடத்துவது ஆபத்து. திட்டம் முடிந்தால் பழகிய ஆட்கள் போய்விடுவார்கள், தொழிற்சாலைக்காரரின் நம்பிக்கையும் போய்விடும்.

இன்னொரு குறையும் உண்டு. நாட்டின் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது. பெரிய கம்பனிக்குப் பேராதனைக் கதவைத் தட்ட ஆள் இருக்கிறது. அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே வரவுசெலவுத் திட்டத்தில் இந்தப் பிரிவுகளுக்கென்று ஆண்டுதோறும் நிரந்தர ஒதுக்கீடு வேண்டும். விண்ணப்பப் படிவங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். ஹேவாஹெட்டயிலும் புசல்லாவையிலும் மாதம் ஒருமுறையாவது விரிவுரையாளர்கள் வந்து உட்கார்ந்து சிறுதோட்டக்காரர்களின் சிக்கலைக் கேட்க வேண்டும். அதுவரை காத்திராமல், தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ தீராத சிக்கல் உள்ளவர்கள் பேராதனைக்கு நேரே போய்க் கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் நம் எல்லோருடைய வரிப்பணத்திலும் நடப்பது.