ஆச்சியின் போட்டோவும் ஒரு குடும்பத் தளமும்

போன சித்திரையில் பேச்சிப்பாறைக்குப் போயிருந்தபோது மாமா கேட்டார்: "மக்கா, ஆச்சிக்க போட்டோ ஒண்ணு நீ கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தியே, அத எடுத்துத் தா. பிரேம் போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படம் இப்போது எங்கேயும் இல்லை.

2008 வாக்கில் ஒரு இலவசச் சேவையில் குடும்பத்துக்கென்று ஒரு தளம் தொடங்கி, பழைய படங்களை ஸ்கேன் செய்து ஏற்றினேன். பேச்சிப்பாறை அணையின் மேல் ஆச்சி நிற்கும் படமும் அதில் ஒன்று. சில வருடங்களில் அந்தச் சேவை நின்றுபோனது. முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள். நான் பார்ப்பதையே விட்டுவிட்ட ஒரு பழைய மின்னஞ்சலுக்கு அது வந்திருந்தது. மூல ஆல்பமோ ரப்பர் தோட்டத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்து அதற்கு முன்பே போய்விட்டது. தப்பு என்மேல்தான். பிரதி எடுத்து வைக்கவில்லை.

இப்படிப் போனது என் தளம் மட்டுமல்ல. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். வாட்ஸப் குழு இருக்கிறதே என்பீர்கள். அது பேசுவதற்கு நல்லது. ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தை, ஆயிரம் குட்மார்னிங்குகளுக்கு நடுவே தேடிப் பாருங்கள், தெரியும்.

எனவே இந்தத் தடவை 'எது இலவசம்' என்ற கேள்வியை ஓரமாக வைத்தேன். நாளைக்கு இதைவிட்டு வெளியேற வேண்டுமென்றால் எதையெல்லாம் கையோடு எடுத்துப் போகலாம்? இதுதான் முதல் கேள்வி. யார் எதைப் பார்க்கலாம் என்பது இரண்டாவது. எழுபது தாண்டிய மாமாவால் பயன்படுத்த முடியுமா என்பது மூன்றாவது.

தேடியதில் கண்டவை

இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசச் சேவையில் நாம் வாடகை கொடுக்காத குடித்தனக்காரர். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். கட்டற்ற மென்பொருளை நாமே ஒரு சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். சர்வர் பிடிக்கவில்லையென்றால் அப்படியே தூக்கி இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். சர்வருக்கும் தளத்தின் பெயருக்கும் பணம் உண்டு. மென்பொருளுக்கு இல்லை.

முதலில் வேர்ட்பிரஸ். எல்லாருக்கும் தெரிந்தது, ஆயிரம் செருகுநிரல்கள். ஆனால் ஒரு ஓட்டை. பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டாலும், அதிலுள்ள படத்தின் நேரடி முகவரி தெரிந்தவர் கடவுச்சொல் இல்லாமலே படத்தைத் திறந்துவிடலாம். தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் அதன் இயல்பு அதுதான். வாசல் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்துவைப்பது போல.

அடுத்து மீடியாவிக்கி, அதாவது விக்கிப்பீடியா ஓடும் மென்பொருள். குடும்பக் கதைகளை எழுத அருமை. ஆனால் சில பக்கங்களைச் சிலர் மட்டும் படிக்கலாம் என்ற கட்டுப்பாட்டுக்காக அது உருவாக்கப்படவில்லை என்று அதன் கையேடே சொல்கிறது.

ஹம்ஹப் என்பது ஒரு குட்டி ஃபேஸ்புக். உள்ளே நுழைந்தவருக்கு மட்டுமே தெரியும், தனித்தனி அறைகள் உண்டு. ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்பது அதற்குத் தெரியாது.

கடைசியில் நின்றது வெப்ட்ரீஸ். 2010இல் பிஎச்பி-ஜெட்வியூ என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைத்தது. வம்சாவளிக்கென்றே செய்தது. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை வெளியாருக்குக் காட்டாது. படங்களையும் அனுமதி பார்த்த பிறகே எடுத்துத் தரும். ஒருவர் தன் நெருங்கிய சொந்தத்தை மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். யாராவது எதையாவது மாற்றினால், பொறுப்பாளர் ஒப்புக்கொண்ட பிறகே அது எல்லாருக்கும் தெரியும்படி செய்யலாம். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் குடும்பத்தில் இதன் அருமை புரியும்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் விவரங்களுக்குப் பொருந்தாது. சட்டம் விட்டாலும் சித்தி விடமாட்டாள். அவளுடைய பிறந்த தேதியைக் கேட்காமல் போடக்கூடாது. வங்கிக்காரன் போனில் கேட்பதும் அதைத்தானே!

கொல்லம் ஆண்டும் மச்சானும்

வெப்ட்ரீஸ் தன் தகவலை கெட்காம் என்ற வடிவத்தில் வெளியே தருகிறது. மார்மன் திருச்சபை 1984இல் உருவாக்கியது. வெறும் எழுத்துக்கோப்பு, நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம்.

நம்மூருக்கு இதில் இரண்டு சிக்கல். ஒன்று தேதி. திருவிதாங்கூர் காலத்து ஜாதகமும் பத்திரமும் கொல்லம் ஆண்டில் இருக்கும். கெட்காமுக்கு யூத நாட்காட்டி தெரியும், பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிகூடத் தெரியும், கொல்லம் தெரியாது. ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824, அதற்குப் பின் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில வருடம் வரும். 1106 தை என்றால் 1931. கணித்த தேதியோடு மூல வாசகத்தையும் அடைப்புக்குறிக்குள் எழுத கெட்காமில் இடம் உண்டு. அதை விட்டுவிடாதீர்கள். கணக்குத் தப்பினால் பேரன் திருத்திக்கொள்வான்.

இரண்டு, உறவுமுறை. மாமா மகன் மச்சான், சித்தப்பா மகன் தம்பி. ஆங்கிலத்தில் இரண்டும் கசின். இதற்குப் பயப்பட வேண்டாம். கோப்பில் பதிவாவது பெற்றோர், துணை, பிள்ளை என்ற இணைப்புகள்தான். முறைப்பெயர் அதிலிருந்து கணிப்பது. அக்கா மகளைக் கட்டிய தாத்தாவுக்குத் தன் அம்மாவே மாமியாருக்கு அம்மா ஆனதையும் அது சரியாக வாங்கிக்கொண்டது.

வெளியேறிப் பார்த்தேன்

நிறுவி, நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றியதும் முதல் வேலையாக வெளியேறும் ஒத்திகை பார்த்தேன். படங்களோடு சேர்த்து ஒரே ஜிப் கோப்பாக இறக்கி, கெட்காமை கிராம்ப்ஸ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளில் என் மடிக்கணினியில் திறந்தேன். எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். இந்த ஒத்திகை பார்க்காமல் எந்த மென்பொருளையும் நம்பாதீர்கள்.

மாதம் ஒரு பிரதி எடுக்கிறேன். ஒரு பென்டிரைவ் என்னிடம், இன்னொன்று மாமாவின் இரும்பு பீரோவில். மாமா வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் முற்றம் தாண்டி மேட்டில் ஏற வேண்டும். அதனால் அவருக்குத் தளத்தைப் பார்ப்பதைவிட பீரோதான் வசதி!

ஆச்சியின் அணைக்கட்டுப் படம் கிடைக்கவில்லை. தளம் தொடங்கியதும் குலசேகரத்துச் சித்தி ஒரு கல்யாணக் குரூப் போட்டோவை அனுப்பினாள். மூன்றாம் வரிசை ஓரத்தில் ஆச்சி, பாதி முகம்தான் தெரிகிறது. அதைப் பெரிதாக்கிப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். மாமா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவதான்" என்றார்.

உங்கள் வீட்டு ஆல்பத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். மென்பொருளைப் பிறகு தேடலாம்.