தைராய்டு கட்டிக்கும் வேண்டும் விடைக்குறிப்பு

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் விடைக்குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரே விடைக்கு ஒருவர் ஐந்து மதிப்பெண் தருவார். அடுத்தவர் இரண்டு தருவார். தைராய்டு கட்டி சிகிச்சையிலும் இதே சிக்கல் உண்டு.

என்னுடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரின் கழுத்தில் சிறு கட்டி இருந்தது. ஸ்கேன் அறிக்கையில் ‘கட்டி உள்ளது’ என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து, “அறுவை செய்துவிடலாம்” என்றார் ஒரு மருத்துவர். “ஒன்றுமில்லை” என்றார் மற்றொருவர். எதை நம்புவது என்று அவர் கலங்கினார். அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

தைராய்டு கட்டிகளில் பத்துக்கு ஒன்பது புற்றுநோய் அல்ல. அந்தப் பத்தாவதைக் கண்டறியவே படிப்படியான முறை தேவை.

முதல் படி, இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு பார்ப்பது. இது சுரப்பி இயங்கும் விதத்தைக் காட்டும்; புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்லாது.

இரண்டாம் படி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட ‘டை-ராட்ஸ்’ முறைதான் இதற்கான விடைக்குறிப்பு. கட்டியின் உள்ளே இருப்பது நீரா திசுவா, அதன் கருமை, வடிவம், விளிம்பு, உள்ளே தெரியும் வெண்புள்ளிகள் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டி, 1 முதல் 5 வரை தரம் தருகிறார்கள். தரம் 1, 2 என்றால் ஊசிப் பரிசோதனை வேண்டாம். தரம் 3 என்றால் 2.5 செ.மீ., தரம் 4 என்றால் 1.5 செ.மீ., தரம் 5 என்றால் 1 செ.மீ. அளவிலிருந்து பரிந்துரைக்கிறார்கள்.

மூன்றாம் படி, அந்த ஊசிப் பரிசோதனை. ‘பெதஸ்டா’ முறையில் அதன் முடிவு ஆறு வகைப்படும். வகை 2 தீங்கற்றது. வகை 6 புற்றுநோய். வகை 1 என்றால் எடுத்த செல்கள் போதவில்லை என்று பொருள். நோய் இல்லை என்று பொருளல்ல.

அளவின்றித் தேடுவதும் தீங்கே. தென்கொரியாவில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் தைராய்டு ஸ்கேன் பரவலானது. 1993ஆம் ஆண்டைவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவில்லை. தேவையற்ற அறுவைக்குப் பின் பலர் வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண நேர்ந்தது.

ஆனால், கட்டி வேகமாக வளர்ந்தாலோ, கல்போல் இறுகியிருந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ தள்ளிப்போடாதீர்கள். குரல் கம்மினால் ‘வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது’ என்று நாம் இருந்துவிடுகிறோம். மூன்று வாரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் அளவும் டை-ராட்ஸ் தரமும் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில் கேட்டு வாங்குங்கள். எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக வையுங்கள். அடுத்த மருத்துவர் பழைய அளவோடு புதிய அளவை ஒப்பிட்டு முடிவெடுக்க அது உதவும்.