கால் அளவும் சப்பாத்தின் இலக்கமும்

பாட்ஸ்பியோர்ட்டில் வந்திறங்கிய முதல் வாரம், மீன் தொழிற்சாலையில் இறப்பர் பூட்ஸ் தருவதற்காக எமது கால் அளவைக் கேட்டார்கள். ஊரில் கடைக்காரர் சொல்லும் இலக்கம் நினைவிலிருந்தது. "ஏழு" என்றோம். கேட்டவர் சிரித்துவிட்டுக் கண்மட்டத்தில் ஒரு சோடியை எடுத்துத் தந்தார். அது இறுக்கியது. வேலை கிடைத்த முதல் நாளே குறை சொல்வதா என்று வாய் திறக்கவில்லை. ஈரமான சீமெந்துத் தரையில் நாள் முழுவதும் நின்று இரவு அறைக்குத் திரும்பியபோது கால்விரல்களில் உணர்வு இருக்கவில்லை.

1980களின் பிற்பகுதி தொட்டுப் பின்மார்க் கரையோர மீன்பிடி ஊர்களுக்கு வந்த எம்மவர் கொண்டுவந்த இலக்கம் ஆங்கிலேயருடையது. அதில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரம் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு. நோர்வேயில் வழங்கும் ஐரோப்பிய இலக்கமோ சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கால் ஏறிச் செல்வது. ஆகவே லண்டனில் 7 அணியும் ஆணுக்கு ஒஸ்லோவில் ஏறத்தாழ 41, கனடாவில் 8. பெண்களுக்கு லண்டனின் 5 இங்கு 38, கனடாவில் 7. உறவினர் அனுப்பும் சப்பாத்துகள் பொருந்தாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து ஓர் அடிமட்டமே. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளப்பது நன்று. கம்பளிக் காலுறையுடன் குதிக்காலைச் சுவரில் முட்டவைத்து, கடதாசியின் மேல் நேராக நின்று, மிக நீண்ட விரலின் நுனியிற் கோடிடுங்கள். இரு கால்களையும் அளந்து பெரியதை எடுங்கள். விரல் அசைய 1.5 சென்ரிமீற்றரைக் கூட்டி, வந்ததை ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய இலக்கம் கிடைக்கும். 26 சென்ரிமீற்றர் காலுக்கு 27.5; பெருக்கினால் 41 சொச்சம். மலைச்சரிவில் சறுக்குவதற்கான பனிச்சறுக்குப் பூட்ஸ்களில் காலின் நீளமே சென்ரிமீற்றரில் எழுதப்பட்டிருப்பதால் அங்கு இந்தக் கணக்குத் தேவையில்லை.

எனினும் நீளம் மட்டும் போதாது. வெறுங்காலுடனும் செருப்புடனும் வளர்ந்த எமது பாதங்கள் பெரும்பாலும் முன்புறம் அகன்றவை. நீளம் சரியாயிருந்தும் பக்கங்கள் நெரித்தால் அது எமது சப்பாத்தன்று. குளிர் நாட்டில் இது வெறும் சௌகரியம் பற்றிய கதையுமன்று. காலுறைக்குள் தங்கும் காற்றே காலுக்குச் சூட்டைக் காத்துக் கொடுக்கிறது. இறுக்கமான சப்பாத்து அக்காற்றை நசுக்கி வெளியேற்றுவதோடு இரத்த ஓட்டத்தையும் தடுக்கிறது. அதற்குள் இரண்டாவது காலுறையைத் திணித்தால் குளிர் கூடுமேயொழியக் குறையாது.

பிள்ளைகள் விடயத்தில் மேலும் கவனம் வேண்டும். வீட்டின் பணமுடை அறிந்த பிள்ளை, சப்பாத்துச் சிறுத்துவிட்டதென்று சொல்லாமலே பாடசாலைக்குப் போகும். மாதமொருமுறை சப்பாத்தின் உட்தாளை வெளியே எடுத்து, பிள்ளையை அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றராவது மிஞ்சாவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

"போர் த்ராங்" என்றால் நோர்வேஜிய மொழியில் "மிக இறுக்கம்" என்று பொருள். அன்று அந்த இரு சொற்களும் எமக்குத் தெரிந்திருக்கவில்லை. புதிதாக வருவோருக்கு முதல் நாளே அவற்றைச் சொல்லிக் கொடுப்போம்.