தொட்டால்தான் விஷம்

காலராக் கிருமி எப்படி ஆளைச் சாய்க்கிறது என்ற கேள்விக்கு 1959-இல் கல்கத்தாவிலிருந்து ஒரு விடை வந்தது. சம்பு நாத் டே என்ற மருத்துவர், கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் கிருமிகளை முழுக்க நீக்கினார். முயலின் குடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டிவிட்டு, எஞ்சிய தெளிந்த நீரை அதற்குள் செலுத்தினார். குடல் நீர் கோத்து உப்பியது. உயிருள்ள கிருமி ஒன்றுகூட உள்ளே இல்லை. ஆனாலும் காலராவின் வேலை நடந்துவிட்டது. கிருமி விஷத்தை வெளியே விட்டால் போதும், குடல் செல்லைப் பிடித்து உள்ளே நுழைவதை விஷமே பார்த்துக்கொள்ளும். (நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் இவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1985-இல் டே இறக்கும்வரை அது கிடைக்கவில்லை.)

தொண்டை அடைப்பான், டெட்டனஸ் விஷங்களும் இதே ரகம்தான். அதனால் ஒரு கிருமியின் ஆயுதத்தைத் தேடுபவர்கள் முதலில் அது வளர்ந்த நீரை வடிகட்டிப் பார்ப்பது வழக்கம். யெர்சினியா விஷயத்தில் அந்த வழக்கம் பலிக்கவில்லை.

யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்பது பிளேக் கிருமிக்கு நெருங்கிய உறவு. ஆய்வகத்தில் வளரும் மனித செல்களோடு அதைச் சேர்த்துவிட்டால், தட்டையாகப் பரவியிருக்கும் செல்கள் சுருங்கி உருண்டுவிடும். செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகள் குலைந்துபோவதே காரணம். குலைப்பது யாப்-ஈ என்ற புரதம் என்பது தெரிந்தது. அந்தப் புரதத்தைத் தனியாகப் பிரித்துச் செல்கள்மேல் ஊற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. 1991-இல் ஸ்வீடனின் ஊமியோ நகரில் ஹான்ஸ் வுல்ஃப்-வாட்ஸ் குழுவினர் அதே புரதத்தை மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் செல்லுக்குள் ஏற்றினார்கள். ஆக்டின் இழைகள் குலைந்தன. வெளியே கிடந்தால் இந்த விஷம் வெறும் புரதம். அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க யாரோ வேண்டும். அந்த வேலையையும் கிருமியே, செல்லைத் தொட்டுக்கொண்டு செய்கிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது.

அந்த வேலையைச் செய்யும் கருவி கண்ணுக்குத் தெரிந்தது 1998-இல். சால்மோனெல்லா கிருமியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தவர்கள் ஹோர்ஹே கலானும் ஷின்-இச்சி அய்சாவாவும் அவர்களது குழுவினரும். அய்சாவா பாக்டீரியாவின் கசையிழைகளை ஆராய்ந்தவர். கிருமி நீந்துவதற்குச் சுழற்றும் வால்தான் கசையிழை. அவர் இந்தப் படத்துக்குள் வந்தது தற்செயல் அல்ல. கசையிழையின் அடிப்பாகமும் இந்தக் கருவியின் அடிப்பாகமும் ஒரே குடும்பம்.

கருவிக்கு நூல்களில் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். சால்மோனெல்லாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. இரண்டிலும் வளையம் வளையமாகப் பதிந்த அடித்தளம், அதிலிருந்து வெளியே நீட்டிய பொள்ளலான ஊசி, ஊசி நுனியில் ஒரு மூடி. ஊசியின் நீளம் சில பத்து நானோமீட்டர். உள்துளை 2 நானோமீட்டர் அளவுதான். ஒரு கிருமியின் உடலில் இப்படிப் பத்து முதல் நூறு வரை இருக்கலாம். நுனி செல்லைத் தொட்டதும் வேறு இரண்டு புரதங்கள் முதலில் வெளியேறி, செல்லின் சவ்வில் ஒரு துளை அமைக்கின்றன. கிருமியின் உள்ளிருந்து நம் செல்லின் உள்வரை, மூன்று சவ்வுகளைத் தாண்டி, ஒரே பாதை திறந்துவிடுகிறது.

மருத்துவமனை ஊசியை மனதில் வைத்துக்கொண்டால் இதன் உண்மையான சிரமம் புரியாது. இதில் பின்னாலிருந்து அழுத்தும் தண்டு இல்லை, உள்ளே மருந்து நீரும் இல்லை. போகவேண்டியது ஒவ்வொன்றாகப் புரத மூலக்கூறுகள். புரதம் என்பது மடிந்து சுருண்ட ஒரு சங்கிலி. சுருண்ட நிலையில் அது இந்தத் துளையில் நுழையவே நுழையாது. அதனால் அடித்தளத்தில் ஒரு நொதி காத்திருக்கிறது. அது ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறின் ஆற்றலைச் செலவழித்து, புரதத்தோடு ஒட்டிவரும் துணைப் புரதத்தைக் கழற்றி, மடிப்பையும் பிரித்துவிடுகிறது. சங்கிலி நீண்டு, தலைமுனை முன்னே போக, மறுபக்கம் சென்று மறுபடி மடிந்து வேலைக்குத் தயாராகிறது. இதை ஒரு குறும்பான வழியில் நேரில் பார்த்தார்கள். எளிதில் மடிப்புப் பிரியாத பச்சை ஒளிர் புரதத்தை, ஊசி வழியாகப் போகும் ஒரு புரதத்தின் வாலில் ஒட்டிவிட்டார்கள். தலை உள்ளே போயிற்று. வால் அடித்தளத்தில் சிக்கிக்கொண்டது. அப்படி அடைபட்ட ஊசியின் படம் 2014-இல் வெளியானது.

ஊசி உருவாகும் விதம் இன்னும் விசேஷம். அடித்தளம் முதலில் எழும்புகிறது. ஊசிக்கான சிறு புரதங்கள் அந்த அடித்தளத்தின் துளை வழியாகவே மேலே போய் நுனியில் சேர்கின்றன. ஊசி அடியிலிருந்து வளர்வதில்லை, கடைசி முனையில் வளர்கிறது. அப்படியானால் எப்போது நிறுத்துவது? யெர்சினியாவில் இதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. 2003-இல் பாசல் நகரில் கய் கொர்னெலிஸ் குழுவினர் அந்தப் புரதத்தின் மரபணுவை நீட்டியும் குறுக்கியும் பார்த்தார்கள். புரதம் நீண்டால் ஊசியும் நீண்டது, குறைந்தால் குறைந்தது. ஓர் அமினோ அமிலத்துக்கு 0.19 நானோமீட்டர் என்ற கணக்கு. புரதத்தையே எடுத்துவிட்டால் ஊசி கட்டுப்பாடின்றி வளர்ந்துகொண்டே போனது. நீளம் சரியாக எட்டியதும் கருவி ஊசிப் பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அடுத்த சரக்குக்கு மாறிவிடுகிறது.

சரக்கு என்ன என்று பார்த்தால்தான் எனக்குச் சால்மோனெல்லாமேல் ஒரு மரியாதை வருகிறது. விஷம் என்ற சொல்லுக்கு நாம் எதிர்பார்க்கும் முரட்டுத்தனம் அதில் அதிகம் இல்லை. குடல் சுவரின் செல் எதையும் எளிதில் விழுங்குவதில்லை. சால்மோனெல்லா சாப்-ஈ என்ற புரதத்தை உள்ளே அனுப்புகிறது. நம் செல்லில் ஆக்டின் இழைகளை இயக்கும் இரண்டு விசைப் புரதங்கள் உண்டு. அவற்றை முடுக்க வேண்டியது செல்லின் சொந்தப் புரதங்கள். சாப்-ஈ அவற்றின் வேலையை எடுத்துக்கொள்கிறது. செல்லின் மேற்பரப்பு அலையலையாக எழும்பி, கிருமியைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படியே விட்டால் செல் குலைந்துபோகும், குலைந்த செல்லில் குடியிருக்க முடியாது. அதற்காக எஸ்.பி.டி.பி. என்ற இன்னொரு புரதமும் போகிறது. அது அதே இரண்டு விசைகளையும் அணைக்கிறது. மேற்பரப்பு அடங்கி, செல் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. 2014-இல் ஊசியில் சிக்கவைத்தது இந்தப் புரதத்தைத்தான்.

ஆனால் முடுக்குவதும் அணைப்பதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், ஒத்த அளவில் உள்ளே போகின்றன. முன்பின் வரிசை எப்படி வருகிறது? குபோரி என்ற ஆய்வாளரும் கலானும் 2003-இல் கண்ட விடை இது: வேண்டாத புரதங்களைச் சிதைக்க நம் செல்லில் புரோட்டியசோம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது சாப்-ஈயை விரைவில் சிதைத்துவிடுகிறது. மற்றதை மெதுவாகத்தான் சிதைக்கிறது. கால அட்டவணையைக் கிருமி கையில் வைத்துக்கொள்ளவில்லை. நம் செல்லின் துப்புரவு வேகத்திடமே விட்டுவிட்டது.

நம் பக்கமும் சும்மா இல்லை. ஊசியின் புரதத்தையே அடையாளம் காணும் காவல் புரதங்கள் நம் செல்லுக்குள் இருக்கின்றன. அது உள்ளே வந்துவிட்டது தெரிந்தால் செல் தன்னையே அழித்துக்கொண்டு, கிருமியோடு சேர்ந்து குடல் சுவரிலிருந்து உதிர்ந்துவிடும். உள்ளே குடியேறிய சால்மோனெல்லா, சுற்றுப்புறத்தின் அமிலத்தன்மையை உணர்ந்து முதல் ஊசியைக் கைவிட்டு வேறொரு ஊசிக்கு மாறுவதில் இதுவும் ஒரு லாபம்: அந்த இரண்டாம் கருவியில் ஊசிக்கு அடியில் இருக்கும் உள்தண்டின் புரதத்தை எலியின் காவல் புரதங்கள் கண்டுகொள்வதில்லை.

இவ்வளவு வசதியும் இலவசம் அல்ல. ஊசி தயாரிக்கும் சால்மோனெல்லா மெதுவாகப் பெருகும். குடலில் இருக்கும் கூட்டத்தில் ஒரு பகுதிதான் ஊசி ஏந்துகிறது. அவை உண்டாக்கும் அழற்சியில் டெட்ராதயோனேட் என்ற பொருள் உருவாகிறது. சால்மோனெல்லாவால் அதை வைத்துச் சுவாசிக்க முடியும், குடலில் வழக்கமாக வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்களால் முடியாது. பலன் ஊசி ஏந்தாத உடன்பிறப்புகளுக்கும் சேர்கிறது. நோயுற்ற எலிகளின் குடலில், ஊசி செய்யும் திறனையே இழந்த திரிபுகள் மெல்ல மெல்லப் பெருகிவருவதை ஜூரிக்கில் வுல்ஃப்-டீட்ரிஷ் ஹார்ட் குழுவினர் பார்த்திருக்கிறார்கள்.

கிருமியைக் கொல்லாமல் ஊசியை மட்டும் முடக்கும் மருந்து செய்யலாமே என்ற எண்ணம் இயல்பாக வரும். கொல்லாத மருந்துக்கு எதிர்ப்புத்திறன் வளர்வது குறையும், நல்ல பாக்டீரியாக்களும் பிழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. சூடோமோனாஸ் கிருமியின் ஊசி நுனியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை, செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் சோதித்தார்கள். நிமோனியா எதிர்பார்த்த அளவு குறையவில்லை.

வயலில் கதை வேறு. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தரும் சாந்தோமோனாஸும் இதே வகை ஊசிக்காரன்தான். அது அனுப்பும் புரதம் நெல் செல்லின் உட்கருவுக்கே போய், சர்க்கரையை வெளியேற்றும் ஒரு மரபணுவின் முன்பகுதியில் அமர்ந்து அதை இயக்குகிறது. செல்லிலிருந்து கசியும் சர்க்கரை கிருமிக்கு உணவு. சில நெல் ரகங்களில் அந்த முன்பகுதியின் எழுத்துகள் சற்று மாறியிருக்கின்றன. புரதம் வந்தாலும் அமர இடமில்லை, சர்க்கரை கசியாது. எக்ஸ்.ஏ.13 என்ற அந்த மாற்றத்தை, ஆந்திரா பொன்னி என்று நம் கடைகளில் விற்கும் சாம்பா மசூரியில் ஹைதராபாத் விஞ்ஞானிகள் கலப்பு முறையில் சேர்த்தார்கள். மேம்படுத்திய ரகம் 2008-இல் வெளியானது. அதோடு வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்தே வைத்தார்கள். அமர இந்தச் சர்க்கரை மரபணு கிடைக்காவிட்டால், இன்னொரு சர்க்கரை மரபணுவில் போய் அமரும் புரதம் சில சாந்தோமோனாஸ் வகைகளிடம் ஏற்கெனவே உண்டு.