சேவற் கொண்டையும் பட்டாணிப் பூவும்

சேவலின் தலையிலுள்ள கொண்டை எல்லா இனங்களுக்கும் ஒரே வடிவினதன்று. ஒற்றைத் தகடாகப் பற்களுடன் நிமிர்ந்து நிற்பதுண்டு. முள்முள்ளாகப் பரந்து தட்டையாய் அமைவதுண்டு. மூன்று சிறு வரிகளாகத் தாழ்ந்திருப்பதும் உண்டு. கோழி வளர்ப்போர் இனம் பிரித்தறிவதற்கு மட்டுமே கொண்ட இவ்வேறுபாட்டினின்று, உயிர்களின் பாரம்பரியம் பற்றிய உண்மைகளை வெளிக்கொணர்ந்தவர் வில்லியம் பேற்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவரது ஆராய்ச்சி வாழ்வைப் பற்றி நேயர்களுக்கு இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

1861 இல் பிறந்து கேம்பிரிட்ஜில் விலங்கியல் பயின்றவர் பேற்சன். புறூண் நகரத் துறவி மெண்டல் பட்டாணிச் செடிகளைக்கொண்டு கண்ட விதிகள் 1866 இல் அச்சேறியும் 34 ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1900 இல் அவை மீண்டும் வெளிப்பட்டபோது, இலண்டனுக்குச் சொற்பொழிவாற்றச் சென்ற பேற்சன் புகைவண்டியிலேயே அக்கட்டுரையைப் படித்துத் தம் உரையை மாற்றிக்கொண்டார் என அவர் மனைவியார் எழுதியுள்ளார். பின்வந்த வரலாற்றாசிரியர் சிலர் இதனை ஐயுறுவர். ஆயினும் அன்றுதொட்டு மெண்டலின் கொடியை ஏந்தி நின்றவர் அவரே என்பதில் ஐயமில்லை. 1904 இல் பிறந்த தம் மகனுக்குக் கிரெகரி என மெண்டலின் பெயரையே இட்டார்.

நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் முதற் பரம்பரை முழுவதும் நெட்டையாகும். அடுத்த பரம்பரையில் மூன்று நெட்டைக்கு ஒன்று குட்டையாகும். இது மெண்டல் கண்டது. செடிக்குப் பொருந்தும் இவ்விதி விலங்குக்கும் பொருந்துமா? 1902 இல் வெளிவந்த தம் கோழி ஆராய்ச்சியில் பொருந்தும் என்று பேற்சன் காட்டினார். அதே ஆண்டில் பிரான்சிய அறிஞர் கியூனோ எலிகளிலும் அவ்வாறே கண்டார். மனிதரும் விலக்கல்லர். சிறுநீர் கறுக்கும் அரிய நோயொன்றை ஆராய்ந்த மருத்துவர் கறோட்டுக்கு, அந்நோயாளரின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினராயிருப்பதன் காரணத்தை மெண்டலின் விதிகொண்டு விளக்கியவரும் பேற்சனே. மச்சான் மச்சாள் மணம் வழங்கும் நம் சமூகத்தார் இதனைச் சிறிது சிந்தித்தல் நன்று.

பன்னற் என்பாருடன் சேர்ந்து அவர் செய்த கொண்டை ஆராய்ச்சி மேலும் வியப்புக்குரியது. முட்கொண்டையையும் முவ்வரிக் கொண்டையையும் கலந்தபோது, பிறந்தவை இரண்டையும் ஒவ்வாத புதுவடிவக் கொண்டையைப் பெற்றன. அவற்றின் குஞ்சுகளிலோ பதினாறில் ஒரு பங்கிற்குப் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியிடமும் இல்லாத ஒற்றைக் கொண்டை தோன்றிற்று. ஓர் உறுப்பின் வடிவை இரு வேறு பரம்பரையலகுகள் கூடி வகுக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்வாராய்ச்சிகளில் நியூனம் மகளிர் கல்லூரியைச் சார்ந்த பெண்மணிகள் பலர் அவருக்குத் தோள்கொடுத்தனர். றெபேக்கா சோண்டர்ஸ் அம்மையார் அவர்களுள் தலையாயவர். பெண்களுக்கு முழுமையான பட்டவுரிமையைக் கேம்பிரிட்ஜ் 1948 வரை வழங்கவில்லை என்பதை நினைக்குங்கால், இத்துறைக்கு அப்பெண்கள் ஆற்றிய தொண்டு எத்துணைப் பெரிது! துறைக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'ஜெனற்றிக்ஸ்' என்னும் பெயரும் பேற்சன் இட்டதே. 1905 இல் ஒரு கடிதத்தில் எழுதி, 1906 இல் இலண்டன் மாநாட்டில் அதனை முன்மொழிந்தார். நாம் பிறப்புரிமையியல் என்கிறோம்.

இனி அவர் இடறிய இடத்துக்கு வருவோம். அழகுக்காக வளர்க்கப்படும் மணப்பட்டாணியில், ஊதாப் பூவும் நீண்ட மகரந்தமும் உடைய செடியைச் செம்பூவும் உருண்டை மகரந்தமும் உடையதனோடு பேற்சனும் சோண்டர்சும் பன்னற்றும் கலந்தனர். மெண்டலின் கணக்குப்படி, இரண்டாம் பரம்பரையின் 381 செடிகளில் செம்பூவும் உருண்டை மகரந்தமும் சேர்ந்தவை ஏறத்தாழ 24 இருத்தல் வேண்டும். இருந்தவையோ 55. பூநிறமும் மகரந்த வடிவும் ஒன்றையொன்று பிரிய மனமின்றி ஒட்டியே சென்றன! விதிவிலக்குகளை ஒதுக்காது போற்றவேண்டும் என மாணவர்க்கு அறிவுறுத்திய பேற்சன், இதனையும் மறையாது 1905 இல் வெளியிட்டார்.

ஆனால் காரணத்தை அவர் காணவில்லை. சில வகைப் புணரிகள் மற்றவற்றினும் மிகுதியாகப் பெருகுகின்றன என்று ஒரு கொள்கை வகுத்தார். அமெரிக்காவில் பழ ஈக்களை ஆராய்ந்த மோர்கன் 1911 இல் விடை கூறினார்: கலத்தினுள் நூல்போற் காணப்படும் நிறமூர்த்தங்களிலே பரம்பரையலகுகள் வரிசையாக உள்ளன, ஒரே நிறமூர்த்தத்தில் அருகருகே உள்ளவை சேர்ந்தே செல்கின்றன. பேற்சன் இதனைப் பத்தாண்டுகள் ஏற்க மறுத்தார். கண்ணுக்குத் தெரியும் பொருட்டுண்டொன்று உயிரின் இயல்பையெல்லாம் சுமக்கும் என்பது அவருக்கு உவப்பாயில்லை. இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மோர்கனும் தொடக்கத்தில் மெண்டலை ஐயுற்றவரே. சான்று கண்டதும் மாறினார். பேற்சனும் 1921 இன் இறுதியில் மோர்கனின் ஆய்வுகூடத்துக்கு நேரிற் சென்று பார்த்தபின், தொறன்ரோ நகரக் கூட்டத்தில் நிறமூர்த்தக் கொள்கையின் வலிமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உள்ளத்தின் ஒரு மூலையில் ஐயம் மட்டும் இறுதிவரை இருந்தது.

1910 முதல் 1926 இல் மறையும்வரை அவர் ஜோன் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தின் தலைவராயிருந்தார். அங்கு அவர் காலத்தில் 1923 இல் சேர்ந்த டார்லிங்ரன் என்னும் இளைஞரே பின்னர் நிறமூர்த்த ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். பயிர்த்தாவரங்களின் நிறமூர்த்த எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945 இல் டார்லிங்ரன் வெளியிட்ட நூலின் இணையாசிரியர், முன்பு கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள்.