தீயணைக்க வந்த ராணுவ லாரி!



"யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். யானையை யாராவது சும்மாவே கொடுத்தாலும், அதற்குத் தினமும் தீனி போடுவது யார் என்பதுதான் கேள்வி. இன்று நாம் பார்க்கப் போவதும் அப்படி ஓர் யானைதான். ஆனால், இந்த யானைக்குப் பத்துச் சக்கரங்கள்! அமெரிக்க ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற லாரி இது.

பெயர் 'இரண்டரை'

1950-ம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் ரியோ நிறுவனம் ராணுவத்துக்காக எம்-35 என்ற லாரியை உருவாக்கியது. கரடுமுரடான பாதையில் இரண்டரை டன் சரக்கைச் சுமக்கும் என்பதால், சிப்பாய்கள் அதை 'இரண்டரை' என்றே செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

சாதாரண லாரியில் இன்ஜினின் விசை பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும். இதில் முன் சக்கரங்களுக்கும் போகும். அதனால் சேற்றிலும் மணலிலும் எளிதில் சிக்காது. இதன் பிற்கால இன்ஜின்களுக்கு டீசல்தான் வேண்டும் என்பதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினாலும் ஓடும். இன்னொரு வேடிக்கை, இந்த லாரிக்குச் சாவியே கிடையாது! சுவிட்சைத் திருப்பி, பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். போர்க்களத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா, சொல்லுங்கள்!

1990-களில் ராணுவத்துக்குப் புதிய லாரிகள் வரத் தொடங்கின. பழைய 'இரண்டரை'கள் படிப்படியாக ஓய்வு பெற்றன.

ஓய்வுக்குப் பிறகு...

பல லாரிகளை அரசு ஏலத்தில் விற்றது. பழைய வண்டிகள் மீது ஆசை கொண்டவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வேறு பல லாரிகள் சிற்றூர்களின் தீயணைப்பு நிலையங்களுக்குப் போயின.

அமெரிக்கச் சிற்றூர்களில் தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். விவசாயி, கடைக்காரர், ஆசிரியர் என்று ஆளுக்கொரு வேலையில் இருப்பார்கள். தீ என்று தகவல் வந்தால் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் புதிய தீயணைப்பு வண்டி வாங்கப் பணம் இருக்காது. அதனால், அந்நாட்டு வனத்துறை, ராணுவத்தில் மிஞ்சிய லாரிகளை மாநிலங்கள் வழியாகக் கொடுத்து உதவுகிறது. ஒரு திட்டத்தில் லாரி இரவலாகக் கிடைக்கும். இன்னொன்றில் சொந்தமாகவே கிடைக்கும். லாரிக்கு விலை இல்லை. ஆனால், ஊருக்குக் கொண்டு வரும் செலவும், தீயணைப்பு வண்டியாக மாற்றும் செலவும் வாங்குபவருடையவை.

ஓட்டி வரலாமா?

நீங்களே அந்த ஊரின் தீயணைப்பு வீரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் நின்ற லாரி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. உடனே ஏறி ஓட்டி வந்துவிடலாமா? கூடவே கூடாது!

முதலில் டயரைப் பாருங்கள். பட்டன்கள் தேயாமல் புதிது போலத் தெரியும். ஆனால், பக்கவாட்டில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். டயரின் வயதை அதிலேயே படிக்கலாம். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2315 என்று இருந்தால், 2015-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள்.

அடுத்து பிரேக். நாளடைவில் பிரேக் அமைப்புக்குள் ஈரம் சேரக்கூடும். அந்த ஈரம் குழாய்களை உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். பல 'இரண்டரை'களில் எல்லாச் சக்கரங்களுக்கும் சேர்த்துப் பிரேக் ஆயில் ஒரே வழியாகத்தான் போகிறது. ஓரிடத்தில் குழாய் உடைந்தால் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் போய்விடும். பிறகு கைப் பிரேக் மட்டுமே மிச்சம்!

ஆகவே, தாழ்வான டிரெய்லரில் ஏற்றி, நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்கிக் கொண்டு வருவதே நல்லது. கட்டி இழுத்து வருவதானால், விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு போகும் நீண்ட தண்டுகளை முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தோடு கியர் பெட்டியும் சுற்றும். இன்ஜின் ஓடாதபோது அங்கே எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது. பல் சக்கரங்கள் உரசிக் கெட்டுப் போகும்.

ஒரு சின்னக் கணக்கு

லாரி ஊருக்கு வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும். "பெரிய தொட்டியாக வைப்போம், நிறையத் தீயை அணைக்கலாம்" என்று தோன்றுகிறதா? பொறுங்கள்!

இரண்டரை அமெரிக்க டன் என்பது ஏறத்தாழ 2,270 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அப்படியானால் 2,270 லிட்டர் ஏற்றலாமா? தொட்டிக்கும் எடை உண்டு. பம்பு, குழாய் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. அவற்றைக் கழித்த பிறகுதான் தண்ணீர். நாலாயிரம் லிட்டர் தொட்டியை வைத்தால், மலைச் சரிவில் பிரேக் திணறும்.

தண்ணீர் தளும்பவும் செய்யும். கிராமங்களில் குடத்தில் தண்ணீர் சுமப்பவர்கள், தளும்பாமல் இருக்க அதில் வேப்பிலைக் கொத்து போடுவார்கள். அதே வேலைக்காகத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். தடுப்பு இல்லாத தொட்டியோடு வளைவில் திரும்பினால், தண்ணீர் ஒரே பக்கம் பாய்ந்து வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும். தண்ணீர் வண்டிகள் கவிழ்ந்து அங்கே தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். உதவப் போனவரே திரும்பி வராமல் போவது எவ்வளவு பெரிய துயரம்!

யானைக்குத் தீனி

இனிமேல்தான் உண்மையான வேலை. தீ விபத்தே இல்லாவிட்டாலும் இன்ஜினை அவ்வப்போது ஓடவிட வேண்டும். டயரில் காற்றுப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக்குக்கு உதவும் காற்றுத் தொட்டியில் தேங்கும் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். மூட்டுகளுக்கு கிரீஸ் வைக்க வேண்டும். இத்தனையும் யாரும் கைதட்டாத வேலைகள். ஆனால், ஒரு வீடு எரியும்போது லாரி கிளம்புமா, கிளம்பாதா என்பதை முடிவு செய்பவை இவைதான்.

குழந்தைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு குட்டி யானை இருக்கிறது. அதுதான் உங்கள் சைக்கிள்! அண்ணனோ அக்காவோ ஓட்டிய பழைய சைக்கிளாகக்கூட இருக்கலாம். ஆயுத பூஜை அன்று மட்டும் துடைத்துப் பொட்டு வைத்தால் போதாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதன் பிரேக் கட்டையைப் பாருங்கள். டயரை அழுத்திப் பாருங்கள். செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போகும் வழியில் திடீரென்று யாராவது குறுக்கே வந்தால், அந்தப் பத்து நிமிட வேலை இருவரையும் காப்பாற்றும். செய்வீர்கள்தானே?